ஏழு பேர் வழுக்கி விழுந்த குளியலறை

வாங்கும்போது நாம் வாசிக்காத ஒரு காகிதத்தை, விழுந்த பிறகு அவர்கள் நமக்கு வாசித்துக் காட்டுவதற்குப் பெயர்தான் மருத்துவக் காப்பீடு. எங்கள் தொழிலின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான்.

கருங்கலுக்கும் குழித்துறைக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அதன் அலுவலகத்தில் ஆறு வருஷமாக மாணவர் காப்பீட்டுப் பிரிவை நான் பார்க்கிறேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஜெராக்ஸ் மிஷினுக்கும் தண்ணீர் கேனுக்கும் இடையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான். பஸ் பாஸ், ஸ்காலர்ஷிப், தொலைந்துபோன ஐ.டி. கார்டு எல்லாவற்றுக்கும் இதே மேஜைதான். சேரும்போதே கட்டணத்தோடு பிரீமியத்தையும் பிடித்துவிடுவதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் காப்பீடு உண்டு. அது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

நீங்களும் ஒரு கிளைம் போட்டிருப்பீர்கள். போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே காத்திருந்திருப்பீர்கள். கடைசியில் ஒரு இனிமையான குரல் வந்து "இன்னும் ஒரே ஒரு டாக்குமென்ட் மட்டும்" என்றிருக்கும். அப்படியானால் நாம் ஒரே வார்டில் கிடந்தவர்கள். சிரித்துக்கொண்டே படியுங்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அபிஷா என்ற இரண்டாம் வருஷப் பிள்ளையின் கணுக்கால் ஒடிந்து, அவள் இனி ஓடுவாளா மாட்டாளா என்பது என் மேஜைக்கு வரும்வரை.

கதவு திறக்கும் கார்டு

காப்பீட்டு அட்டையை முதல் வாரமே கொடுத்துவிடுவோம், ஒரு பையோடும் டைரியோடும் சேர்த்து. பை வீட்டுக்குப் போகும், டைரி தங்கச்சிக்குப் போகும். கார்டு எங்கே போகிறது என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாமலே இருந்தது.

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷப் பையன் ஒருவனுக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கார்டைக் கொண்டு வரச் சொன்னேன். அவனுடைய அறைத்தோழன் கொண்டு வந்தான். ஓரமெல்லாம் தேய்ந்து, நடுவில் வளைந்து, பாலிசி நம்பர் பாதி அழிந்து கிடந்தது. "இத வச்சு என்னல செஞ்சிய?" என்று கேட்டேன். முதல் வருஷமே ரூம் சாவி தொலைந்துவிட்டதாம். கதவு இடுக்கில் இந்தக் கார்டை விட்டுத் தள்ளினால் பூட்டின் நாக்கு உள்ளே போய்விடுமாம். ஐ.டி. கார்டு வளைகிறது, ஏ.டி.எம். கார்டு உடைந்தால் அப்பா கொன்றுவிடுவார், இதுதான் சரியான கனம் என்று எனக்குப் பாடமே நடத்தினான். ஆபரேஷன் செலவை இந்தக் கார்டு ஏற்றுக்கொள்ளும் என்று நான் சொன்னதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்போ மேடம், இதுக்கு வேற உபயோகமும் உண்டாக்கும்?"

இருபத்து நாலு மணிக்கூர்

காய்ச்சலுக்குக் கிளைம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியில் குறைந்தது இருபத்து நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இது கம்பெனியின் சட்டம். கடற்கரையில் தேவாலயத் திருவிழாக் கொடியேற்று அன்று மாலை ஊரில் இருந்தே ஆக வேண்டும். இது ஊரின் சட்டம். இரண்டும் ஒரே நாளில் மோதினால் எது ஜெயிக்கும் என்று கேட்க நீங்கள் எங்கள் மாவட்டத்துக்குப் புதுசாகத்தான் இருக்க வேண்டும்.

டெங்கு என்று ஒருவனைச் சேர்த்தார்கள். இருபத்து இரண்டாவது மணி நேரத்தில் அவனுடைய அம்மா, சித்தி, சித்தப்பா, பக்கத்து வீட்டார் என்று ஒரு வேன் நிறைய ஆள் வந்து, கையெழுத்துப் போட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கிளைம் திரும்பி வந்தது. அந்த அம்மாவை வரச் சொல்லி, இன்னும் ரெண்டே ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் கல்லூரிக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பெண்ணும் டீச்சர்தான். அந்த அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கூர் அவன் அங்க கெடந்தா, கொடியேத்துக்குக் கீபோர்டு யாரு டீச்சர் வாசிப்பா? உங்க கம்பெனிக்காரனா?"

ஆசானின் நம்பர்

எலும்பு முறிந்தால் முதலில் வர்ம ஆசான், அவர் கை விரித்தால்தான் ஆஸ்பத்திரி. இது இங்கே படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் பொது. எங்கள் கல்லூரிப் பேராசிரியர்களில் இரண்டு பேர் ஆசான் கட்டோடு வந்து வகுப்பு எடுத்திருக்கிறார்கள். வாலிபால் விளையாடிக் கையை ஒடித்த ஒருவன், முட்டை வெள்ளையும் உளுந்தும் வைத்துக் கட்டிய கையோடு என் மேஜைக்கு வந்து கிளைம் கேட்டான். "டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே?" என்றேன். மறுநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாங்கி வந்தான். 'கை ஒடிந்தது உண்மை. கட்டியது நான். நாற்பது நாளில் சரியாகும்.' கீழே ஆசானின் கையெழுத்து. நான் பார்த்த டிஸ்சார்ஜ் சம்மரிகளிலேயே எனக்கு முழுசாகப் புரிந்தது அது ஒன்றுதான்.

கம்பெனிக்குப் புரியவில்லை. சிகிச்சை தந்தவரின் பதிவு எண் வேண்டும் என்றார்கள். நான் ஆசானுக்கே போன் போட்டுக் கேட்டேன்.

"எனக்க நம்பரு இந்த ஊருல உள்ள எல்லா கையிலயும் காலுலயும் கெடக்கு மக்கா. வந்து வாசிக்கச் சொல்லு."

பாத்ரூம் பிறந்த கதை

கிளைம் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'விபத்து எவ்வாறு நேர்ந்தது?' எங்கள் பிள்ளைகளின் உண்மையெல்லாம் இந்தக் கட்டத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே ரோடு முழுக்க வளைவு. ஓட்டுவது கூட்டுக்கார நண்பனின் பைக். ஹெல்மெட் வீட்டில் இருக்கும், லைசென்ஸ் எங்கேயும் இருக்காது. பைக் என்று எழுதினால் கம்பெனி எஃப்.ஐ.ஆர். கேட்கும், லைசென்ஸ் கேட்கும். இரண்டும் இல்லை என்றால் கிளைம் அங்கேயே படுத்துவிடும்.

முதல் ஆள் அஜின். சிவில் பையன். தோள்பட்டை இறங்கி, முட்டி உரிந்து வந்தான். அப்பா குவைத்தில். அம்மா என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதார். எனக்கு இரக்கம் எப்போதும் தப்பான நேரத்தில்தான் வரும். பேனாவை அவன் கையில் கொடுத்து, "ஹாஸ்டல் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு எழுது மக்கா" என்றேன். ஒரே வாரத்தில் பாஸாகிவிட்டது. அவன் அம்மா ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து கொண்டு வந்து தந்தார். நானும் வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

அதன் பிறகு நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷத்தில் இன்னும் ஆறு பேர் அதே பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்கள். அதில் இரண்டு பேர் ஹாஸ்டலிலேயே தங்காதவர்கள். ஒருவன் ஒரே வழுக்கலில் இடது கையை ஒடித்து, வலது காலைச் சுளுக்கி, கெண்டைக்காலில் சைலன்ஸர் சூடும் வாங்கியிருந்தான். எல்லாப் படிவத்திலும் சீல் வைத்தவள் நான்தான். ஏழாவது படிவம் கையெழுத்துக்குப் போனபோது எங்கள் சூப்பிரண்டு சார் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஷீலா, நம்ம பாத்ரூமுல ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டா கொள்ளாம்."

எட்டாவது ஆள்

அபிஷா கடற்கரைப் பிள்ளை. அப்பா ஆழ்கடல் விசைப்படகில் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் கரை. அம்மா மீன் விற்கிறார். படித்து முடித்ததும் எஸ்.ஐ. வேலைக்குப் போக வேண்டும் என்று தினமும் காலையில் கல்லூரி மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடுவாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் கடைசிச் சுற்றில் இருப்பாள். ஓடிக்கொண்டே "குட் மார்னிங் மேடம்" என்பாள். அப்படி ஓடி முடித்துக் குளிக்கப் போன ஒரு காலையில், பெண்கள் ஹாஸ்டல் பாத்ரூமில் நிஜமாகவே வழுக்கி விழுந்தாள்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஒரு வாரத்துக்குள் பிளேட் வைத்துவிட்டால் நல்லது, தள்ளிப்போட்டால் எலும்பு கோணலாகச் சேரும், அப்புறம் ஓட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். "கவர்மென்டு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போகட்டா டீச்சர்?" என்று அவள் அம்மா கேட்டார். "கார்டு இருக்கே, எதுக்கு அலையணும், நாளைக்கே அப்ரூவல் வந்துரும்" என்று தடுத்தவள் நான்தான். மறுநாள் வந்தது அப்ரூவல் அல்ல, போன். "மேடம், உங்க காலேஜ்ல மட்டும் ஏன் எல்லாரும் பாத்ரூம்லயே விழுறாங்க? இந்த கேஸ விசாரணைக்குப் போட்டிருக்கோம்" என்றது அந்த இனிமையான குரல். அதற்குப் பிறகு தினமும் 'நாளைக்கு' என்றார்கள். நானும் அந்த அம்மாவிடம் தினமும் 'நாளைக்கு' என்றேன். நாலாம் நாள் அவர் மீன் கூடையை வராந்தாவில் இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார். ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் கேட்டார்.

"பொய்யாட்டு விழுந்தவனுக்கெல்லாம் கிட்டிச்சே டீச்சர். எனக்க பிள்ள நெசமாட்டுல்லா விழுந்தா. அவளுக்கு ஏன் கிட்டாது?"

வழுக்காத தரை

விசாரணை அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் எங்கள் தாளாளர் ஒரு நல்ல காரியம் செய்தார். தரை வழுக்குகிறது என்று இதுவரை எத்தனை பிள்ளைகள் எழுதிக் கொடுத்தும் அசையாதவர், ஒரே ராத்திரியில் ஆள் விட்டு, பெண்கள் ஹாஸ்டல் பாத்ரூம் முழுக்கச் சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டிவிட்டார். வருகிறவர் முன்னால் கல்லூரியின் மானம் போகக்கூடாது அல்லவா? அந்தப் பழைய தரைதான் அபிஷாவுக்கு இருந்த ஒரே சாட்சி என்பது அவர் மண்டைக்குள் ஏறவில்லை.

அதிகாரி மதுரைக்காரர். தோளில் ஒரு பை, கையில் ஒரு பேடு. முதலில் ஆண்கள் ஹாஸ்டலுக்குப் போனார். அங்கே மூன்று நாளாக மோட்டார் ரிப்பேர். பாத்ரூம் காய்ந்து கிடந்தது. குழாயைத் திறந்து பார்த்தார், காற்று வந்தது. எழுதிக்கொண்டார். அப்புறம் பெண்கள் ஹாஸ்டல். புது டைல்ஸில் ஷூவைத் தேய்த்துப் பார்த்தார். வார்டன் பதறிப்போய் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, சோப்பையும் தேய்த்துவிட்டு, அதன்மேல் நடந்து காட்டினார். விழவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தார். அப்போதும் விழவில்லை. ஒரு மனுஷி விழுந்து தொலைக்க மாட்டாளா என்று என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் ஏங்கினேன். வார்டன் சேலையைப் பிழிந்துகொண்டே அவரிடம் சொன்னார்.

"சார், முந்தாநேத்துவரைக்கும் நல்லாட்டு வழுக்கிச்சு."

கேன்டீனில் ஒரு வாக்குமூலம்

"வாயத் தொறக்காத ஷீலா, பிள்ளைக்கு வேற வழி பாப்போம்" என்று சூப்பிரண்டு சார் காலையிலேயே சொல்லியிருந்தார். அந்த வேறு வழி என்ன என்று கேட்டேன். அதை யோசிக்க ஒரு கமிட்டி போடலாம் என்றார். அபிஷாவின் எலும்பு கமிட்டிக்காகக் காத்திருக்காது. அதிகாரியைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீயும் பழ பஜ்ஜியும் வாங்கி வைத்துவிட்டுச் சொன்னேன். முதல் பையனுக்குப் பொய்யைச் சொல்லிக்கொடுத்தது நான், மற்ற ஆறு பேரும் அதைப் பார்த்து எழுதினார்கள், எல்லாவற்றுக்கும் சீல் வைத்ததும் நான், இந்தப் பெண் மட்டும் சத்தியமாக விழுந்தாள். அப்படியே ஒரு தாளில் எழுதி, கையெழுத்தும் போட்டு நீட்டினேன்.

அவர் பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டு நிதானமாகச் சிரித்தார். "மேடம், முட்டியில தார் ஒட்டிட்டு வந்தவன் எந்த பாத்ரூம்ல விழுந்தான்னு எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார். தெரிந்துமா ஏழு பேருக்கும் பாஸ் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் பேப்பரில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாம் சின்ன கிளைம் மேடம். ஆள் அனுப்பி விசாரிச்சா அதைவிடச் செலவு. பெரிய கிளைம் வந்தாத்தான் எங்களுக்குச் சந்தேகமே வரும்."

முந்திரிக்கொத்து

என் தாள் சென்னைக்குப் போனது. அங்கே நாலு பேர் மேஜையில் நின்று நின்று போயிருக்க வேண்டும். அவள் விழுந்த எட்டாம் நாள் அப்ரூவல் வந்தது. ஒன்பதாம் நாள் அபிஷாவுக்கு ஆபரேஷன். எனக்கு ஒரு மெமோ. வேலை போகவில்லை. தாளாளருக்கு என்மேல் பெரிய இரக்கமெல்லாம் இல்லை, ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில் உட்கார வேறு ஆள் சம்மதிக்கவில்லை.

ஏழு பேருக்கும் விளக்கம் கேட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் போயிற்று. ஏழு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். உண்மையைச் சொன்னவளுக்கு இந்த ஊரில் மாலையா போடுவார்கள்? கடைசியாக அஜினின் அம்மா வந்தார். அன்றைக்கு அழுத அதே இடத்தில், அழாமல் நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை.

"அன்னைக்கு நான் கொண்டு வந்தத தின்னப்ப இனிப்பாட்டுதான இருந்திச்சு டீச்சர்?"

கடைசிப் படிவம்

இரண்டு மாதம் கழித்து அபிஷா வந்தாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நடக்கலாம், ஆனால் ஓடுவதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை, ஒரு வாரம் முந்திச் செய்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்று டாக்டர் சொன்னாராம். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கேட்க முடியவில்லை. அந்த ஒரு வாரம் யாரால் போனது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மன்னித்துக்கொள் மக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் பிசியோதெரபிக்கும் கிளைம் உண்டா மேடம் என்று கேட்டுவிட்டாள்.

உண்டு. படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பெயர், வருஷம், பாலிசி நம்பர் எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டே வந்தாள். 'விபத்து எவ்வாறு நேர்ந்தது?' என்ற கட்டத்தில் பேனா நின்றது. பிறகு நிமிர்ந்து, பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மேடம், இந்தத் தடவ நான் எங்க விழுந்தேன்னு எழுதட்டும்?"

ஆறு வருஷமாக அந்த மேஜையிலிருந்து நான் பிள்ளைகளுக்கு எவ்வளவோ விதிமுறைகளை விளக்கியிருக்கிறேன், அவர்கள் பிழையில்லாமல் கற்றுக்கொண்டது இந்த ஒன்றைத்தான்.